நீலம் பாரித்த ஹின்கல்

மலையினங்கள் பல கலந்து வாழும் துறைமுக நகரமான மகச்கலாவில் கடலுக்கும் ஊருக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. அந்தப் பாதையை ஒட்டி, துறைமுகத்துக்குத் திரும்பும் முனையில் இருப்பது ‘கழுகுக்கூடு’ உணவகம். கடை திறந்தபோது, உள்சுவர் முழுக்கச் சிறகு விரித்த கழுகு ஒன்று வேண்டும் என்று முதலாளி ஹிஸ்ரி ஓர் ஓவியனைப் பிடித்து வந்தான். அந்த ஆள் அதுவரை கறிக்கடைகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தவன். கழுகு வந்தது, கூடவே கொண்டையும் வந்தது. அன்றிலிருந்து துறைமுகத்து ஆட்கள் “வாடா, கோழிக்கூட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்” என்றுதான் சொல்வார்கள். ஹிஸ்ரி காதில் விழாததுபோல் இருந்துவிடுவான்.

கூட்டம் வந்தது கழுகுக்காக அல்ல, ராய்கனத்தின் கைக்காக. அவள் செய்யும் ஹின்கல், அவார் இனத்தார் சாற்றில் வேகவைக்கும் அந்த மாவுத்துண்டு, தட்டுக்கு வரும்போது தலையணைக் குஞ்சுபோல் உப்பி இருக்கும். பக்கத்தில் உலர்ந்த ஆட்டிறைச்சி, கிண்ணத்தில் அது வெந்த சாறு, இன்னொரு கிண்ணத்தில் பூண்டுச் சாந்து. வேறெதுவும் கிடையாது. வேறெதுவும் வேண்டும் என்று யாரும் கேட்டதும் கிடையாது.

“சமையல் யாருப்பா?” என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள்.

“ஹுன்ஸாக் மலைக்காரி. அசல் அவார். அவங்கம்மா கையில கத்துக்கிட்டது” என்பான் ஹிஸ்ரி, கண்ணிமைக்காமல்.

சமையலறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். அதில் ஒரு பச்சைத் திரை. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு ராய்கனத் இதைக் கேட்பாள். அவள் ஹுன்ஸாக்கைக் கண்ணால் கண்டதில்லை. அவள் லாக் இனத்துப் பெண். குமுஹ் பக்கத்து மலைக்கிராமம். அவளுடைய அம்மா இந்த மாதிரித் தடித்த ஹின்கலைச் செய்ததுமில்லை, செய்பவர்களை மதித்ததுமில்லை.

இந்த ஊரில் ஆளுக்கு ஆள் ஹின்கல் வேறு. குமிக்குகள் மெல்லிசாகத் தேய்த்துச் சதுரமாக நறுக்குவார்கள். தார்கின்கள் பாய்போல் சுருட்டுவார்கள். லாக்குகள் மாவை விரல்நுனி அளவுக்குக் கிள்ளி, கட்டைவிரலால் அழுத்தி, குழந்தையின் காதுபோல் வளைப்பார்கள். அவார் ஹின்கலில் புளித்த பாலும் சோடாவும் சேரும். அது சட்டிக்குள் உப்பும். எடுத்த கையோடு ஒவ்வொன்றையும் முள்கரண்டியால் குத்தி ஆவியை விட வேண்டும். ஒரு நிமிஷம் தவறினாலும் போச்சு; அமுங்கி, செருப்பின் அடித்தோல் மாதிரி ஆகி, நீலம் பாரித்துக் கிடக்கும். எங்கள் ஹின்கல்தான் ஹின்கல், மற்றதெல்லாம் மாவுக்கட்டி என்று நாலு பேரும் சொல்வார்கள். சாதாரணப் பேச்செல்லாம் ருஷ்ய மொழியில் நடக்கும். சாப்பாட்டில் குறை சொல்லும்போது மட்டும் அவரவர் மொழி வந்துவிடும்.

நீலம் பாரித்த கதை ராய்கனத்துக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய இல்வாழ்க்கையே அதில்தான் தொடங்கியது.

துறைமுகத்து உணவகத்தில் அவள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த காலத்தில் அபக்கர் பாரந்தூக்கி ஓட்டுபவன். உயரத்திலிருந்து இறங்கி வந்து, தினமும் அவளிடம் மட்டும் இரண்டாவது தேநீர் கேட்பான். “லாக்ல மாப்பிள்ளையே இல்லையா?” என்றார்கள் அவள் வீட்டில். “அவார்ல பொண்ணே இல்லையா?” என்றார்கள் அவன் வீட்டில். இரண்டு வீட்டாரும் ஒரே மாதிரி பேசியதால் பொருத்தம் சரிதான் என்று அபக்கர் சொன்னான்.

கல்யாணமான வாரம் அவனுடைய கிராமத்தில் விருந்து. புது மருமகள் ஹின்கல் எடுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவள் எடுத்தாள், பெரிய தட்டில் அழகாக அடுக்கினாள், இறைச்சி கொண்டுவரப் போனாள். குத்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூச்சு விட வேண்டும் என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா? திரும்பி வந்தபோது தட்டு முழுக்க நீலம். பிறகு மூலையில் ஒரு நாத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். அவ்வளவுதான், அன்று மாலைக்குள் அவளுக்கு ‘நீலக்காரி’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

நகரத்துக்குத் திரும்பிய பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ஹின்கல்தான் செய்தாள். கோபத்தில் பிசைந்த மாவு கோபமாகவே வெந்தது. அபக்கர் வாய் திறக்காமல் அத்தனை அடித்தோலையும் தின்றான். வசந்தத்தில் அதே நாத்தனார் வந்தாள். சாப்பிட்டாள். ஒன்றும் சொல்லாமல் காலித் தட்டை நீட்டினாள். அந்தக் குடும்பத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

பிற்பாடு பக்கத்து முற்றத்துக் கல்யாணத்தில் அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு ஹிஸ்ரி கையோடு அவளைக் கடைக்குக் கூப்பிட்டான். அவள் லாக் என்பது அவனுக்குத் தெரிந்தது, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் கழித்துத்தான். அன்று அவன் வெகுநேரம் கழுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அக்கா, யாராவது கேட்டா நீங்க பேச வேணாம். நான் பேசிக்கிறேன்.”

“என்ன பேசுவ?”

“என்னமோ பேசுவேன். அவார் ஹின்கல லாக் செய்யிறான்னு தெரிஞ்சா நம்மாளுங்க சாப்பிடறதுக்கு முன்னாடியே ஏப்பம் விட்டுட்டுப் போயிருவாங்க.”

மறுநாள் திரை வந்தது.

அவளுக்கு முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. வருஷங்கள் போகப் போக, திரைக்கு இந்தப் பக்கம் நிற்பது பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்று. வியாழக்கிழமைகளில் ஒரு பெரியவர் வருவார். தடித்த புருவம், மடித்த செய்தித்தாள், கூட ஒரு நண்பர். முதல் தடவை அவர் குரலைக் கேட்டபோதே ராய்கனத் அகப்பையை அப்படியே நிறுத்திவிட்டாள். லாக் மொழி, அதிலும் அவள் கிராமத்துக்கு இரண்டு மலை தள்ளிய பேச்சு. பெரியவர் சாற்றை உறிஞ்சிவிட்டு நண்பரிடம் சொன்னார்:

“இந்த அவார்க்காரி கை நல்ல கைதான். பூண்டுதான் போதல. அவாரு கஞ்சப்பசங்க.”

பதில் அவள் நாக்கு நுனி வரை வந்தது. திரையைப் பிடித்த கை அப்படியே நின்றது. பிறகு அவள் விழுங்கிவிட்டாள். அடுத்த வியாழனும் அவர் அதையே சொன்னார். அதற்கு அடுத்த வியாழனும். பூண்டைக் கூட்டியிருக்கலாம். ஏனோ அவள் கூட்டவில்லை. குறை தீர்ந்துவிட்டால் அவர் அந்த மொழியில் பேசுவதை நிறுத்திவிடுவாரோ என்ற பயமாக இருக்கலாம். இப்படியெல்லாம் ஒரு பொம்பளை யோசிப்பாளா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொள்வாள்.

இந்த நிலைமையில்தான் எல்தார் என்ற பையனைப் பற்றி ஊரில் பேச்சு அடிபட்டது. சட்டம் படித்தவன். அவன் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள். படித்து முடித்துவிட்டு, கையில் ஒரு கேமராவோடு சின்னச் சின்ன உணவகங்களாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். அவன் எங்கே சாப்பிட்டு இணையத்தில் படம் போடுகிறானோ அங்கே மறுவாரம் கூட்டம் தெருவுக்கு வந்துவிடும். அவனுடைய அம்மா மட்டும் பக்கத்து வீட்டில் “பையன் கோர்ட்டுக்குப் போயிருக்கான்” என்று சொல்லி வருவதாகக் கேள்வி.

எல்தார் கழுகுக்கூட்டுக்கு வருவதாக ஒப்புக்கொண்ட அன்று ஹிஸ்ரி கழுகைச் சுற்றிச் சுவருக்கு வெள்ளையடித்தான். கழுகின் கொண்டையையும் வெள்ளையால் மறைத்தான். அதனால் கழுகு வழுக்கைத் தலையோடு நின்றது. பிறகு அவன் சமையலறைக்குள் வந்தான்.

“அக்கா, பையன் உங்களத்தான் படம் எடுப்பானாம். சமைக்கிற ஆள் முகம் தெரியணுமாம். ஒரே ஒரு வரிதான். ‘நான் ஹுன்ஸாக், எங்கம்மாகிட்ட கத்துக்கிட்டேன்.’ எங்க, சொல்லுங்க பாப்போம்.”

“எங்கம்மா ஹுன்ஸாக்கப் படத்துலகூடப் பாத்ததில்ல.”

“அவங்க பாக்க வேணாம். நீங்க சொன்னாப் போதும்.”

“திரைக்குப் பின்னாடி நீ சொல்ற பொய் உன்னோட பொய். நான் வாயத் தொறந்து சொன்னா அது என்னோடதாயிரும், ஹிஸ்ரி.”

ஹிஸ்ரி கெட்டவன் இல்லை. அவள் கணவன் முதுகுவலியில் படுத்திருந்த மாதம், தினமும் தன் காரில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவன் அவன்தான். ஆனால் பயந்தால் ஹிஸ்ரிக்குக் குரல் மாறிவிடும்.

“சொல்ல முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. என் அத்தை பொண்ணு ஹுன்ஸாக்லதான் இருக்கா. அவ வந்து நிக்கட்டும். அப்புறம் அவளே நின்னுக்கட்டும்.”

திரைக்கு அந்தப் பக்கம் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த பரிமாறும் பெண் பரியத் அப்படியே நின்றுவிட்டாள். ராய்கனத் மாவை எடுத்துப் பிசைய ஆரம்பித்தாள்.

வீட்டில் அபக்கரிடம் சொன்னபோது அவன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சொல்லிட்டுப் போயேன், நீலக்காரி. இத்தன வருஷமா அவார் வீட்டுலதான இருக்க? பாதி அவார் ஆயிட்ட.”

“அப்ப நீ பாதி லாக்கா? எங்க, ‘நான் லாக்’னு ஒரு தடவ சொல்லு பாப்போம்.”

அபக்கர் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். “பாரந்தூக்கியிலேர்ந்து தலைகீழா விழுந்தாலும் வராது” என்றான்.

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் படுத்த பிறகு அவளுக்கு அப்பாவின் நினைவு வந்தது. அவர் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர். வேற்று ஊரில் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் ஊர்ப் பெயர், பிறகுதான் தன் பெயர். “குமுஹ் பக்கத்து ஆள் வந்திருக்கேன்.” நாய் குரைக்கும் வீட்டிலும் அப்படித்தான், கதவைத் திறக்காத வீட்டிலும் அப்படித்தான். அந்தக் கதவுகளுக்கு முன்னால் அவர் பொய் சொல்லியிருந்தால் சில இடங்களில் இன்னும் சுலபமாக வேலை கிடைத்திருக்கும். அது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இந்த வேலை போனால் அவளுக்கு வேறு வேலை சுலபமில்லை. அதோடு, இந்தச் சமையலறை அவளுக்குப் பிடிக்கும். சொல்வதா, விடுவதா என்று புரியாமலே அவள் தூங்கிப்போனாள்.

எல்தார் நடுப்பகலில் வந்தான். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, வாசலிலேயே செருப்பைக் கழற்றப் பார்த்தவனை ஹிஸ்ரி தடுத்தான். கழுகைப் பார்த்து “இது வான்கோழியா அண்ணே?” என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டான். பதிலுக்குக் காத்திராமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு நேரே சமையலறைக்குள் வந்துவிட்டான்.

“அத்தை, நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. நான் நடுவுல ஏதாவது கேப்பேன். தோணினதச் சொல்லுங்க.”

“தோணினதா?”

“ஆமா. தோணலன்னா திட்டுங்க. அதுவும் நல்லா வரும்.”

அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. இடது கையில் துளைக்கரண்டி, வலது கையில் முள்கரண்டி. உப்பிய ஹின்கல்கள் ஒவ்வொன்றாகத் தட்டுக்கு வந்தன; எல்லாம் வந்ததும் மளமளவென்று குத்திவிடுவது அவள் வழக்கம். கதவோரம் ஹிஸ்ரி நின்று, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்து ‘ஹுன்-ஸாக்’ என்று சொல்லிக்கொண்டிருந்தான், மீன் தொட்டிக்குள்ளிருந்து பேசுபவன்போல்.

கடைசி ஹின்கல் தட்டில் விழுந்த கணத்தில் எல்தார் கேட்டான்:

“எந்த ஊரு அத்தை நீங்க?”

முள்கரண்டி காற்றில் நின்றது.

ஹுன்ஸாக் என்ற சொல் வாயில் இருந்தது. குமுஹ் என்ற சொல்லும் இருந்தது. இரண்டும் ஒரே கதவில் ஒரே நேரத்தில் நுழையப் பார்க்கும் ஆட்கள்போல் முட்டிக்கொண்டு நின்றன. எல்தார் அவசரப்படுத்தவில்லை. அவன் குமிக்குப் பையன். அவன் வீட்டு ஹின்கல் மெல்லிசு, குத்த வேண்டியதில்லை. அவனுக்கு என்ன தெரியும்? கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. ஹிஸ்ரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், தட்டைப் பார்க்கவில்லை.

பார்த்தவள் பரியத்தான்.

“ஐயோ அக்கா! குத்தலையே!”

எல்லோரும் குனிந்தார்கள். தட்டில் இருந்த தலையணைகள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டு அமுங்கிக்கொண்டிருந்தன. ஓரங்களில் சாம்பல் படர்ந்து, நடுவில் அந்தப் பழைய நிறம் வந்தது. கல்யாண வாரத்தில் பார்த்த அதே நீலம்.

ராய்கனத்துக்கு வயிற்றின் அடியிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தாள், முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டாள், முடியவில்லை. அந்த நாத்தனாரை இத்தனை வருஷம் கழித்து அவள் மன்னித்தாள்.

“தம்பி, எழுதிக்கிறியோ படம் பிடிக்கிறியோ, என்னமோ பண்ணு” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “நான் குமுஹ் பக்கம். லாக். எங்கப்பா ஈயம் பூசுறவரு. கல்யாணமாகி வந்த வாரமே இதே மாதிரி ஒரு தட்டு நீலமாக்கினேன். என் வீட்டுக்காரர் இன்னிக்கும் என்ன நீலக்காரின்னுதான் கூப்பிடுறாரு. எனக்கு இத யாரும் சொல்லித் தரல. ஒரு குளிர்காலம் பூரா கெடுத்துக் கெடுத்துக் கத்துக்கிட்டேன். நல்லா செய்வேன். இன்னிக்குத்தான் நீ கேள்வி கேட்டுக் கெடுத்துட்ட.”

ஹிஸ்ரி தலையில் கை வைத்தான். அந்தக் கையும் படத்தில் விழுந்தது.

அவள் புதிதாக ஒரு சட்டி எடுத்தாள், இந்த முறை குத்தினாள். எல்தார் நல்லதையும் தின்றான், நீலம் பாரித்ததையும் எடுத்துத் தின்றான்.

“இதுவும் நல்லாத்தான் இருக்கு அத்தை.”

“பொய் சொல்லாத. இந்தக் கடையில பொய் சொல்ல ஏற்கெனவே ஆள் இருக்கு.”

எல்தார் போன பிறகு ஹிஸ்ரி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “நாளைக்கு என் அத்தை பொண்ணு வந்துருவா” என்று மட்டும் சொன்னான். அவள் சமையல் மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்தாள். துளைக்கரண்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள். அது அவளுடைய சொந்தக் கரண்டி.

அடுத்த நாட்களில் அவள் வீட்டில் சும்மா இருந்தாள். ஜன்னலைத் துடைத்தாள். அபக்கர் வெளியே போகும்போது “போய்ட்டு வரேன், குமுஹ்காரி” என்றான். அப்படி அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கிண்டலா, ஆறுதலா என்று தெரியவில்லை. சரியாகச் செய்தோமா என்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: அன்று வாயில் முட்டிக்கொண்டு நின்ற இரண்டு ஊர்ப்பெயர்களில் ஒன்று போய்விட்டது. மூச்சு சுலபமாக வந்தது.

அந்த வாரக் கடைசியில் முற்றத்திலிருந்து யாரோ கத்தினார்கள். “அக்கா! ராய்கனத் அக்கா!” மின்தூக்கி வேலை செய்யாததால் கீழேயே நின்றுவிட்ட ஹிஸ்ரி. அவள் மாடத்துக்கு வந்தாள். சுற்றியிருந்த எல்லா மாடங்களுக்கும் ஆட்கள் வந்தார்கள்.

“படம் வந்திருச்சு!”

“தெரியும்.”

“கூட்டம் தாங்கல! லாக் எல்லாம் சொந்தக் கல்யாணத்துக்கு வந்த மாதிரி நடுமேஜையில வந்து உக்காந்திருக்கான். அவாரெல்லாம் ‘எப்படிடா ஒரு லாக்’னு சண்டை போட வந்தான். சண்டை போட்டுக்கிட்டே ரெண்டு பேரும் சாப்பாடு சொல்றாங்க! நீலக்காரி எங்கன்னு கேக்குறான்!”

“உன் அத்தை பொண்ணு இருக்காளே, அசல் ஹுன்ஸாக்.”

ஹிஸ்ரி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்திய குரலே நாலாவது மாடிக்குக் கேட்டது. “அவ ஹின்கல எறிஞ்சா கண்ணாடி உடையும், அக்கா.”

எதிர் மாடத்தில் யாரோ கைதட்டினார்கள்.

“அவாரு ஆளுங்ககிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா?” என்றான் ஹிஸ்ரி. “லாக்கா இருந்தா என்ன, நம்ம வீட்டு மருமகள்னு சொன்னேன். எவ்வளவு நல்லாக் கத்துக்குடுத்திருக்கோம் பாருங்கடான்னு சொன்னேன்!”

“நீங்க கத்துக்குடுத்தீங்களா?” ராய்கனத் மாடத்துக் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். “உன் வாய மூடு ஹிஸ்ரி, இல்லன்னா இங்கேர்ந்து வாளியக் கவுத்துருவேன்!”

“மூடிட்டேன். வரீங்களா?”

“அந்தத் திரை இருக்கக் கூடாது.”

“சரி.”

“வியாழக்கிழமை எங்க ஹின்கலும் போடுவேன். காது மாதிரி சின்னது.”

இதற்கு ஹிஸ்ரியின் மனசு அவ்வளவு சுலபமாக இறங்கவில்லை. “அது குருவிக்குப் போடற தீனியில்ல?” என்று முனகினான். பிறகு, “சரி. வாங்க” என்றான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. ஜன்னலோர மேஜையில் பல காலமாக உட்காரும் துறைமுக அதிகாரிகள் மூவர் அதற்கப்புறம் வரவேயில்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வேறு கடைக்குப் போகிறார்கள் என்று கேள்வி. ஹிஸ்ரி அந்த மேஜையைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவான். வியாழக்கிழமை சின்ன ஹின்கலை முதலில் தின்று பார்த்தவனும் அவன்தான். “இது சாப்பாடா, பல்லுக்கு வேலையா?” என்று சொல்லிக்கொண்டே இரண்டு தட்டுக் காலி செய்தான்.

அதே வியாழக்கிழமை தடித்த புருவக்காரப் பெரியவரும் வந்தார். செய்தித்தாளை மடித்து வைத்தார். அவருக்குப் படம் கிடம் ஒன்றும் தெரியாது. வழக்கம்போல் பெரிய ஹின்கல் ஒன்று சொன்னார். ராய்கனத் பூண்டைக் கைநிறைய எடுத்து இடித்தாள். தட்டு போனது. அவர் ஒரு துண்டைச் சாந்தில் தோய்த்து வாயில் போட்டார். புருவம் மேலே போயிற்று.

ஜன்னலில் இப்போது திரை இல்லை. அவள் முழங்கைகளை ஊன்றி வெளியே எட்டிப் பார்த்து, அம்மா வீட்டு மொழியில் கேட்டாள்:

“இன்னிக்குப் பூண்டு போதுமா, மாமா?”

பெரியவரின் முள்கரண்டி தட்டில் விழுந்தது. அவர் அவளைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார், சுவரில் இருந்த வழுக்கைக் கழுகைக்கூடப் பார்த்தார். இத்தனை வியாழக்கிழமைகளில் தான் என்னென்ன பேசினோம் என்று யோசிப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“நீ நம்ம பொண்ணா?”

“நம்ம பொண்ணுதான்.”

“அப்ப இத்தன வருஷம் ஏம்மா கஞ்சத்தனம் பண்ணின?” என்றார் பெரியவர், நிஜமான கோபத்தோடு.